அறுபத்திரண்டாவது கல்வட்டம்

அவரை எல்லோரும் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வனத்துறையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் கோட்டுப் போட்ட ஆளைத் தேடுவார்கள். வந்து நிற்பதோ முழங்காலில் ஒட்டுப் போட்ட காக்கிக் கால்சட்டையும் தோளில் மண்வெட்டியுமாக ஒரு ஒல்லி மனிதர். கோடு என்பது தீத்தடுப்புக் கோடு. கோடைக்கு முன்னால் மலையின் முதுகு நெடுகப் புல்லையும் புதரையும் வெட்டி, நாலு ஆள் அகலத்துக்கு வெறுந்தரையாக்கி விடுவார்கள். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாண்டாது. மற்ற வாட்சர்கள் வெட்டுவதோடு சரி. இவர் வெட்டி முடித்து, கையோடு கொண்டுபோன கட்டைத் துடைப்பத்தால் பெருக்கவும் செய்வார். காட்டைப் பெருக்குகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவருடைய கோட்டில் பாய் விரித்துப் படுக்கலாம் என்று ஒரு ரேஞ்சர் சொன்னார். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மறு வருடத்திலிருந்து இரண்டு தடவை பெருக்கினார்.

குடியிருந்தது மலை அடிவாரத்தில், சோதனைச் சாவடியை ஒட்டிய இரண்டு அறை வீடு. முன்னறையில் மனைவியின் தையல் இயந்திரம். பள்ளிச் சீருடை தைப்பது அவள் வேலை. இந்த மலைதான் மூத்த தாரம், தான் இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மனுஷனுக்குக் கை கால் ஓடாது. நாற்காலியை ஜன்னலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் செய்த காரியம் அவருடைய இருபத்தெட்டாவது வயதில் நடந்தது. காரியம் என்றுதான் அவரும் அதைச் சொல்வார். தப்பு என்று சொல்ல வாய் வர இருபத்தொன்பது வருடம் ஆயிற்று.

அந்த வருடம்தான் மலைக்காடு பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும், மலை முதுகில் இருநூறு அடிக்கு ஒன்றாக இடுப்புயரத்துக்குக் கற்குவியல் எழுப்ப வேண்டும், மொத்தம் நாற்பத்திரண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் எண்தகடு மாட்டிய இரும்புக் கம்பி நட வேண்டும் என்று உத்தரவு. உதவிக்கு மனைவியின் தம்பியைச் சேர்த்துக்கொண்டார். பதினாறாவது குவியல் வரை கீழே ஓடையிலிருந்து கல் சுமந்தார்கள். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம். மைத்துனனின் தோள் புண்ணாகிப் போய், சட்டை உரசினாலே முகத்தைச் சுளித்தான்.

பதினேழாவதற்கு இடம் பார்க்கப் போனபோது, முதுகிலிருந்து சற்று இறங்கிய ஒரு பாறைத்தட்டில் கற்கள் தயாராக இருந்தன. வட்டமாக நிறுத்தி, ஒன்றுக்கொன்று சிறு கல்லால் முட்டுக் கொடுத்து, நடுவில் பலகைக் கற்களால் பெட்டி மாதிரி ஒன்று. பெட்டியின் ஒரு பலகையில் மட்டும் தலை நுழையும் அளவுக்கு வட்டமான துளை. யாரோ ஆட்டுக்குட்டி அடைத்த பட்டி என்று நினைத்தார் கோட்டுக்காரர்.

"கல்லு நம்மளைத் தேடி வந்திருக்கு மாமா" என்றான் மைத்துனன்.

இரண்டே நாளில் பதினேழு முதல் இருபத்துமூன்று வரை ஏழு குவியல் எழும்பிவிட்டன. துளைக்கல்லை இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் இருபதாவதின் மேல் படுக்க வைத்தார்கள். கம்பி நடுவதற்கு அந்தத் துளை சொல்லிச் செய்த மாதிரி இருந்தது. துளை வெளியே தெரியாத அளவுக்குச் சுற்றிலும் கல் இறுக்கி நட்டார்கள். அந்தக் கம்பி இன்றுவரை ஆடவில்லை என்று வெகுகாலம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமைக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் முடிவு வந்தது. தொல்லியல் ஆய்வாளர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே நாள் முழுக்கத் தேடுகிறவர், மலையில் உள்ள பழைய கல் வேலைகளைக் கணக்கெடுக்க வந்தார். வழிகாட்ட மலையை உள்ளங்கை போல அறிந்த ஆள் வேண்டும் என்றதும் ரேஞ்சர் கோட்டுக்காரரை அனுப்பினார். முதல் நாள், முதல் வட்டம். பாதிக் கற்கள் சரிந்து கிடந்தன. ஆய்வாளர் மண்டி போட்டு உட்கார்ந்து, சிறு தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே, இது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் வாழ்ந்தவர்கள் தங்கள் செத்துப்போனவர்களின் எலும்பை வைத்த இடம் என்று விளக்கினார். நடுவில் உள்ள பெட்டியைக் காட்டினார். கோட்டுக்காரர் தோளிலிருந்த மண்வெட்டியைக் கீழே இறக்கினார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முப்பது வருடமாக வெயிலில் நின்ற ஆள்.

அதன் பிறகு அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். புதருக்குள் ஊர்ந்து போய்க் கல்வட்டங்களைக் கண்டுபிடித்தார். ஆறு வருடத்தில் அறுபத்தொன்று. அவற்றில் நாற்பத்தேழு அவர் கண்ணில் முதலில் பட்டவை. பட்டியலில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எண், அளவு, கற்களின் கணக்கு, வாசல் எந்தத் திசை என்றெல்லாம் எழுதுவார்கள். பெட்டியின் ஒரு பக்கம் திறந்திருக்குமே, அதுதான் வாசல். இடிந்தது போக வாசல் அடையாளம் தெரிந்தவை நாற்பது. நாற்பதும் தெற்கு. ஆய்வாளர் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். கருத்தரங்கில் அவர் படத்தைப் போட்டுக் காட்டினார். துறையில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவருக்கு ஒவ்வொரு பாராட்டும் சட்டைக்குள் எறும்பு விட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது வருடம் ஆய்வாளர் ஒரு பழைய நாட்குறிப்பின் நகலைக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மலையை அளந்த ஒரு சர்வேயர் எழுதியது. மலை முதுகுக்குச் சற்றுக் கீழே, பாறைத்தட்டின் மேல், சிதையாத பெரிய வட்டம், துளையிட்ட பலகையுடன். அவ்வளவுதான், எந்த முதுகு, எந்தத் தட்டு என்று இல்லை. மலையில் துளைக்கல் வேறெங்கும் கிடைக்கவில்லை. இது கிடைத்தால் என் ஆயுளுக்குப் போதும் என்றார் ஆய்வாளர். அப்படி ஒன்றைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

கோட்டுக்காரர் பார்த்ததில்லை என்றார். வடக்கு முதுகில் தேடலாம் என்றார். நான்கு கோடை அங்கே தேடினார்கள். போகும் வழியில் ஆய்வாளர் இருபதாவது எல்லைக் குவியலின் மேல் உட்கார்ந்துதான் மத்தியான ரொட்டியைத் தின்பார். கம்பியில் தொப்பியை மாட்டுவார். எதிரே நிற்கிற கோட்டுக்காரர் வேறு பக்கம் பார்ப்பார்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவர் விளக்கினார். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. ஓய்வு பெற்ற மறுநாளே சாவடிக் கதவை அவருக்கும் சாத்திவிடுவார்கள். பாதுகாக்கப்பட்ட காடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு ஆள் கால் வைக்க முடியாது. ஆனால் ஆய்வாளர், இவரைக் கல்வட்டங்களுக்கு வழிகாட்டியாக நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று துறைக்கு எழுதியிருந்தார். மேலிடத்தில் சரி சொல்லிவிட்டார்கள், கையெழுத்துத்தான் பாக்கி. கல்வட்டத்தைப் பிரித்தவனையா அதற்குக் காவல் வைப்பார்கள்? மலை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். மனைவி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளை அவளும் பார்த்தவள்தானே.

அந்த வருடக் கோடு வெட்டும் வேலையில், பதினாறிலிருந்து இருபத்துநான்கு வரையுள்ள பகுதியைத் தனக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். உதவி ஆள் வேண்டாம் என்றார். பத்தொன்பது நாள். முதலில் ஓடையிலிருந்து கல் சுமந்து ஏழு புதிய குவியல் எழுப்பினார். இருபத்தெட்டு வயதில் மிச்சம் பிடித்த நடையையெல்லாம் ஐம்பத்தேழு வயதில் நடந்து தீர்த்தார். பழைய குவியல்களைப் பிரித்து, கற்களைக் கடப்பாரையால் புரட்டியும் உருளைக் கட்டைமேல் தள்ளியும் பாறைத்தட்டுக்குக் கொண்டுபோனார். தட்டு முழுக்க உண்ணிமுள் மண்டிக் கிடந்தது. அதையும் வெட்டினார். வட்டத்தை அடுக்கினார்.

அவருக்கு ஒவ்வொரு கல்லும் ஞாபகம் இருந்தது. முதுகு கூனிய கல், உதடு பிளந்த கல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். சுமந்தவனுக்குத் தெரியும். பாசி படிந்த முகம் வெளியே பார்க்கும்படி வைத்தார். நடுப் பெட்டிக்கு மூன்று பலகையும் நின்றன. துளைக்கல்லை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தடுமாறினார். அது எந்தப் பக்கம் இருந்தது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கிழக்கே ஒற்றையடிப் பாதை ஏறி வருகிறது. வருகிறவர் கண்ணில் துளை முதலில் படட்டும் என்று கிழக்கே நிறுத்தினார். அவ்வளவு சாதாரணமான காரணம். பிறகு துடைப்பத்தை எடுத்தார். ஆய்வாளர் கைப்பிடி மண்ணைக் கூடச் சலித்துப் பார்ப்பதை ஆறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். ஆனால் கையில் துடைப்பம் வந்துவிட்டால் அவருக்கு எந்தத் தரையும் கோடுதான். பாறை வெடிப்பில் அடைந்திருந்த மண், சில்லு, வேர் எல்லாவற்றையும் சுரண்டிப் பெருக்கி, மூன்று கூடை, சரிவில் கொட்டினார். பாறை புதுத் தரை போல இருந்தது. மனசுக்கு அப்பாடா என்று இருந்தது.

முட்புதர் வெட்டும்போது தட்டுப்பட்டது என்று ஆய்வாளருக்குத் தகவல் போயிற்று. மறுநாளே வந்தார். பாதை ஏறி வந்து, துளையைப் பார்த்தவுடன் அங்கேயே நின்றுவிட்டார். பையைக் கீழே வைத்தார். ஒரு சிறு பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோட்டுக்காரருக்கு அழுகை வந்தது. இருபத்தொன்பது வருடத்துக் கடன் தீர்ந்தது என்றே நினைத்தார்.

ஆய்வாளர் திசைகாட்டியை எடுத்து வைக்கும்வரைதான் அந்த நினைப்பு.

"அண்ணே, நாப்பது வாசலும் தெற்கு. இந்தத் துளைவாசல் மட்டும் கிழக்கு. ஏன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அவர் எங்கே சொல்வது? ஆய்வாளரே சொன்னார். அரைமணி நேரம் சொன்னார். இங்கே வைக்கப்பட்டவர் மற்றவர்களைப் போன்றவர் அல்ல. வெளியிலிருந்து வந்து சேர்ந்த கூட்டத்தின் தலைமகனாக இருக்கலாம். சூரியன் உதிக்கும் திசையை மதித்தவர்களாக இருக்கலாம். இந்த மலையில் ஒரே சனம் அல்ல, இரண்டு சனம் வாழ்ந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் மூன்றாவது பகுதியை முழுக்கத் திருத்த வேண்டும். துளையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. காவி பூசியிருக்கிறார்கள் என்று சொல்லி அதைச் சுரண்டிச் சிறு பையில் போட்டு, தேதி எழுதினார். அது இருபதாம் எண் கம்பியின் துரு.

நல்ல கண்ணுள்ள பெண்மணிதான். வேறொரு சமயமாக இருந்தால் பாறையின் சுத்தத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பார். நான்கு வருடம் ஏங்கிய கண் அது.

இரண்டு நாள் அளந்தார், வரைந்தார். கோட்டுக்காரர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் திரும்ப வந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மலை தனக்கு. ஆனால் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று தான் நிறுத்திய ஒரு கல்லிலிருந்து ஒரு தலைமகன் பிறந்து, ஒரு சனம் பிறந்து, அது புத்தகத்தில் ஏறப் போகிறது. படிக்கிற பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதும். இந்த இடத்தில் நிஜமாகவே யாரையோ வைத்துவிட்டுப் போன ஆட்கள் இருந்தார்களே, அவர்கள் வாயில் தன் பேச்சைத் திணித்த மாதிரி இருந்தது. பிரித்தபோது தெரியாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது?

மூன்றாம் நாள் முற்பகல் ஆய்வாளர் குறிப்பேட்டை நீட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

கோட்டுக்காரர் பேனாவை வாங்கவில்லை.

"மேடம், அந்தக் கல்லை அங்க வெச்சது நான்."

"எந்தக் கல்லை?"

"எல்லாக் கல்லையும்."

பிறகு நின்றபடியே முழுவதையும் சொன்னார். மைத்துனன், ஏழு குவியல், கம்பி, வடக்கு முதுகு என்று சொன்ன பொய், பத்தொன்பது நாள். ஆய்வாளர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மடக்கினார், விரித்தார், மடக்கினார். காறித் துப்பியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று கோட்டுக்காரருக்கு இருந்தது. கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"துளைக்கல்லு முதல்ல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தெரியல மேடம்."

"நல்லா யோசிங்க அண்ணே."

"யோசிச்சுட்டேன். தெரியல."

ஆய்வாளர் மண்டியிட்டார். பாறையில் கல் நின்ற இடத்தில் கறை இருக்கும், முட்டுக் கொடுத்த சில்லும் மண்ணும் வெடிப்பில் அடைந்திருக்கும், அதை வைத்தே சொல்லிவிடலாம் என்று பெட்டியைச் சுற்றி ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார். விரல் நகத்தால் வெடிப்பைக் கீறினார். ஒன்றும் வரவில்லை.

"இங்க மண்ணே இல்லையே?"

"பெருக்கிட்டேன்" என்றார் கோட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

மைத்துனன் இப்போது நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். அங்கேயிருந்தே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவன் கடையில் கூட்டம். இரண்டு தடவை விளக்கியபின் ஞாபகம் வந்தது. "நான் கீழ்முனையைப் பிடிச்சேன் மாமா. உங்க காலை மட்டும்தான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றான்.

சரிவில் கொட்டிய மூன்று கூடை மண்ணை ஆய்வாளர் ஒரு வாரம் சலித்தார். கோட்டுக்காரரும் கூட உட்கார்ந்து சலித்தார். பானை ஓட்டுத் துண்டுகள் பதினொன்று கிடைத்தன. எது எந்த இடத்தில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி நாள் கோட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். மற்றதெல்லாம் தெற்குதானே, இதையும் தெற்கு என்றே எழுதிவிட்டால் என்ன என்றார்.

"நீங்க கிழக்கே வெச்சீங்க, நான் நம்பிட்டேன். இப்ப நான் தெற்குன்னு எழுதினா, அதையும் யாராவது நம்புவாங்க" என்றார் ஆய்வாளர்.

கோபம் தணிந்திருந்தது. ஆனால் அண்ணே என்று கூப்பிடவில்லை. அது கோட்டுக்காரருக்கு மற்ற எதையும்விட வலித்தது.

வழிகாட்டி வேலை கிடைக்கவில்லை. விசாரணை நடந்தது. பழைய உத்தரவில் கல்லை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லாததால் தண்டனை எதுவும் இல்லாமல் ஓய்வு கொடுத்தார்கள். வட்டத்தை மறுபடி கலைப்பதா வேண்டாமா என்று துறையில் பேசி, அப்படியே விட்டு விவரம் எழுதிய ஒரு பலகை வைப்பது என்று முடிவாயிற்று. அவர் சாவடிக் கதவுக்கு வெளியே வந்தார். மனைவி தையல் இயந்திரத்தை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, நாற்காலிக்கு அங்கே இடமில்லாமல் செய்துவிட்டாள்.

மறு வருடம் புத்தகம் வந்தது. ஆய்வாளர் ஒரு பிரதி அனுப்பியிருந்தார், கடிதம் இல்லாமல். பட்டியலின் கடைசி வரி அறுபத்திரண்டு. மற்ற வட்டங்களுக்கெல்லாம் காலம் என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கில் ஆண்டுகள். இதற்கு மட்டும் போன வருடத்துத் தேதி. வாசல்: தெரியவில்லை. கீழே சிறிய எழுத்தில், பிரித்தவர், அடுக்கியவர், தகவல் தந்தவர் என்று மூன்று இடத்திலும் அவர் பெயர். மனைவி அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். மூன்றாவதைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அடுத்த வாரம் கோட்டுக்காரர் சாவடியில் வரிசையில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கினார். பன்னிரண்டு பேர் கொண்ட சுற்றுலாக் குழு. புதிதாக வந்திருந்த வழிகாட்டிக்கு அவர் முகம் தெரியாது. வழிகாட்டி சரிந்து கிடந்த ஒன்பது வட்டங்களைக் காட்டிவிட்டுப் பாறைத்தட்டுக்குக் கூட்டிப் போனார். எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். பலகையை யாரும் படிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், வந்ததற்கு இது ஒன்றே போதும் என்று சொல்லி, பக்கத்தில் நின்ற கோட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அந்தக் காலத்து ஆளுங்க வேலையைப் பாத்தீங்களா?"

"இது நான் அடுக்கினதுங்க" என்றார் கோட்டுக்காரர். "வாசலைத் தப்பா வெச்சுட்டேன்."

பெரியவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.